சாத்திய கதவு

யான் கல்லூரி விடுதிச்சாலையில் வதிந்த காலத்தில், விளக்கணைந்த பின்னர் மூத்த மாணவரொருவர் பேய்க்கதை சொல்லுவார். பேயின் உருவத்தை அவர் ஒருநாளும் வருணித்ததில்லை. "வாசற்படியில் ஏதோ நிற்கிறது" என்று கூறி நிறுத்திவிடுவார். அவ்வளவில் எங்கள் உறக்கம் போய்விடும். அதே உத்தியை நெடுங்காலத்தின் பின் ஒரு திரைப்படத்திற் கண்டேன்.

'அண்டையிங் மொன்ஸ்ரர்', அதாவது 'சாகாத அரக்கன்' என்பது அதன் பெயர். ஜேர்மனியிற் பிறந்த ஜோன் பிராம் இயக்க, ட்வென்ரியெத் செஞ்சரி பொக்ஸ் நிறுவனம் 1942ஆம் ஆண்டில் வெளியிட்டது. முந்திய ஆண்டு வந்த 'வுல்ஃப் மான்' பெற்ற புகழை இது பெற்றதில்லை. என் பேரன் தன் கணினியில் இதனைக் காட்டியபோது, "அப்பப்பா, ஓநாய் கடைசியிலைதான் வரும்" என்று எச்சரித்தான்.

அது மெய்யே. ஏறத்தாழ 1 மணி நேரப் படத்தில் ஓநாய் தோன்றுவது சில கணங்களே. எஞ்சியவை மூடுபனியும், கடலோரப் பாறைகளும், பழைய மாளிகையின் நிழல்களும். நள்ளிரவு மணியடிக்க, லூசியன் பல்லார்ட்டின் கமரா கூடத்தினூடே மெல்ல ஊருகையில், நாமே அவ்வீட்டில் விழித்திருப்பதாக உணர்கிறோம். துப்பறிவாளர் ஆய்வுக்கூடத்திற் பரிசோதிக்கும் மயிரிழை அவர் கண்முன்னரே மறைந்துபோகிறது. விஞ்ஞானமும் கைவிட்ட அவ்விடத்தில் யானும் சற்று நடுங்கினேன்.

ஆயினும் என் நெஞ்சைத் தைத்தது வேறொன்று. வீட்டுத் தலைவன் ஒலிவரே ஓநாயாகிறான். தன் நிலையைத் தான் அறியான். நண்பராகிய மருத்துவர் அறிந்திருந்தும் மறைக்கிறார். ஈற்றில் சுடப்பட்டு வீழ்ந்தபோது, விலங்கின் முகம் கரைந்து மனித முகம் மீள்கின்றது.

எங்கள் வீட்டிலும் பெரியப்பா ஒருவர் மனநோயுற்றிருந்தார். குடும்பமானம் கருதி அவரைப் பின்னறையில் வைத்திருந்தனர். விருந்தினர் வந்தால் கதவு சாத்தப்படும். சிறுவனாகிய யான் அக்கதவுக்கு அஞ்சினேனேயன்றி, உள்ளிருந்தவரை அறிந்திலேன். அவர் இறந்த நாளிலேதான் அம்முகத்தை நன்கு நோக்கினேன். அஃது என் தந்தையாரின் முகமாகவே இருந்தது.

படம் முடிந்ததும், "பயந்துபோனீங்களோ?" என்று பேரன் கேட்டான். அன்றுதான் அவனுக்குப் பெரியப்பாவின் பெயரைச் சொன்னேன். எங்கள் வீட்டில் ஐம்பது ஆண்டுகளாக எவரும் உரைக்காத பெயர் அது.