பின் ஸீட் போன கதை

எங்கள் அம்பாஸடருக்கு ‘ஆபரேஷன்’ நடந்த அன்று நான் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. பின்னே என்ன? கல்யாணமாகி நான் அம்பாசமுத்திரம் வந்து இறங்கியது அந்தப் பின் ஸீட்டிலிருந்துதானே! அதைக் கழற்றி, பின்பக்கத்தை அறுத்து, வாழைத்தார் ஏற்றத் தகரத் தொட்டி வைத்துவிட்டார் இவர்.

1957-ல் உத்தரபாராவில் பிறந்த வம்சம் அது; 2014-ல் உற்பத்தி நின்றுபோயிற்று. பழைய 1,489 ஸி.ஸி. என்ஜினுக்குப் பதிலாக, ரீபோர் செய்து புதுப்பித்த 1,817 ஸி.ஸி. இஸுஸு என்ஜின் வந்தது. கம்பெனியே அம்பாஸடரில் வைத்த என்ஜின்தான். ஆர்.டி.ஓ. அனுமதிக்கு அலைந்தது தனிக் கதை.

“மூச்சு வாங்காமல் சேரன்மகாதேவி தாண்டிப் போகிறது, பார்!” என்பார். நான் பதில் சொல்ல மாட்டேன்.

2023 டிசம்பர் 17. கொட்டுகிற மழை, தாமிரபரணி கரை புரண்டது. தெருவில் தண்ணீர் ஏறுமுன், நாலு வீட்டுக் குழந்தைகளையும் கிழவிகளையும் தொட்டியில் ஏற்றி, மூன்று நடையில் மேட்டுக்குக் கொண்டு சேர்த்தார்.

வெள்ளம் வடிந்த பிறகு மெதுவாகக் கேட்டேன்: “அந்த ஸீட்டை என்ன செய்தீர்கள்?”

அவர் பேசாமல் மச்சுக்கு அழைத்துப் போனார். சாக்கில் சுற்றிப் பத்திரமாக இருந்தது.

இப்போது அது திண்ணையில் இருக்கிறது. அந்தி சாய்ந்தால் நாங்கள் இருவரும் அதில்தான்!