பொட்டுப் பொட்டாய்ப் பிரியும் அம்பாசிடர்

திருத்துறைப்பூண்டி என்றதும் பிறவி மருந்தீஸ்வரர் கோயில் நினைவுக்கு வரும். விவசாயிகளுக்கு நெல் ஜெயராமனும் பாரம்பரிய நெல் திருவிழாவும். வேதாரண்யம் போகும் பக்கம் திரும்பினால் இன்னொரு முகம்: லாரி, டிராக்டர், டிங்கரிங் பட்டறைகள். இங்கிருந்து ரயில் பாதையில் 37 கிலோமீட்டர் போனால் அகஸ்தியம்பள்ளி உப்பளம். கடலும் உப்பும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது டிங்கர்களுக்கு வேலைப் பஞ்சம் ஏது?

மார்கழிக் காலையில் அப்படியொரு பட்டறையில் வெள்ளை அம்பாசிடர் ஒன்று நிற்கிறது. அப்பா காலத்து வண்டி. ஆட்களோடு நெல் மூட்டையும் ஏற்றிப் பழகியது. தையில் மகள் கல்யாணம். பெண் அழைப்பு இதில்தான் என்று சொந்தக்காரருக்குப் பிடிவாதம்.

“மேல ஒரு தகரத்தை ஒட்டி, பட்டி பூசிடுங்கண்ணே. நாள் இல்ல.”

டிங்கர் பதில் சொல்லவில்லை. கதவுகளுக்கு அடியில் நீளமாக ஓடும் தகரப் பெட்டியை ஸ்குரூ டிரைவரால் குத்துகிறார். பிடி வரை உள்ளே போகிறது.

“பொண்ணு உட்காரப்போற வண்டி தம்பி. பிரிச்சுத்தான் ஆகணும்.”

நியாயம்தான். லாரிக்கு அடியில் தனி சேஸிஸ் உண்டு. அம்பாசிடரில் பாடியே பாரம் தாங்குகிறது. அதில் இந்தப் பெட்டிக்குப் பெரிய பங்கு. பட்டி பூசினால் கல்யாண போட்டோவில் அழகாக விழும், அவ்வளவுதான்.

முதலில் மட்டம் பார்த்து முட்டுக் கொடுக்கிறார்கள். கதவைக் கழற்றி, அந்த வாசலில் ஆங்கிள் இரும்பைக் குறுக்கே பற்றவைக்கிறார்கள். இல்லாவிட்டால் பெட்டியைப் பிரித்ததும் பாடி தொய்ந்து, பிறகு கதவு சேராது.

அடுத்தது பொட்டு தேடுதல். தொழிற்சாலையில் இரண்டு தகரங்களைச் சேர்த்து, இருபக்கமும் செம்பு முனையால் அழுத்தி மின்சாரம் பாய்ச்சுவார்கள். அந்த இடம் மட்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். அதுதான் ஸ்பாட் வெல்டிங். கம்பி பிரஷ்ஷால் பெயின்டைச் சுரண்டினால், அம்மைத் தழும்புபோல வரிசையாகக் குழிகள் தெரிகின்றன.

ஒவ்வொன்றின் நடுவிலும் சென்டர் பஞ்ச் வைத்து ஒரு தட்டு. பிறகு, முனையைத் தட்டையாகத் தீட்டிய 8 மில்லிமீட்டர் டிரில் பிட். மேல் தகரம் அறுபட வேண்டும், கீழ்த் தகரம் பிழைக்க வேண்டும். தகரத்தின் கனமோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்! பிட்டைச் சுற்றித் துருநிறத்தில் வளையம் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும்.

வேலை பழகும் பையன் ஒன்றை முழுசாகத் துளைத்துவிட்டான். “போச்சு மாமா...”

“வெல்டு வச்சு அடைச்சுக்கலாம்டா. நீ அழுத்தாதே, பிட்டே தின்னட்டும்.”

மெல்லிய உளியை இடுக்கில் செருகித் தட்டத் தட்ட, பொட்டுப் பொட்டாக விடுபடுகிறது. காஸ் வைத்து அறுத்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் சூட்டில் உள் தகரம் நெளிந்துபோயிருந்தால், புதுத் தகரத்தை எதில் பொருத்துவது?

மதியம் தகரம் கழன்று விழுந்தபோது கூடவே கொட்டியது, ஒரு படிக்குமேல் காய்ந்த சேறு. அதில் நெல் உமி. சொந்தக்காரர் குனிந்து கையில் அள்ளிப் பார்த்தார்.

“எங்க வயல் மண்ணுண்ணே.”

பெட்டியின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்றே சின்ன ஓட்டைகள் உண்டு. அத்தனையும் அடைத்துக் கிடந்தன. மழைத் தண்ணீர் உள்ளேயே தங்கி, பெட்டி உள்ளிருந்தே அரித்திருக்கிறது. உப்புக் காற்றை மட்டும் குறை சொல்ல முடியாது.

அம்பாசிடர் உற்பத்தி 2014லேயே நின்றுவிட்டதால், பட்டறையிலேயே மடித்த தகரம்தான். பழைய பொட்டுகளின் மிச்சத்தை கிரைண்டரால் சமன்செய்து, துத்தநாக பிரைமர் அடித்து, புதுத் தகரத்தில் வரிசையாகத் துளையிட்டுப் பொருத்தி, துளைகளை வெல்டால் நிரப்பினார்கள். ஆங்கிள் இரும்பை எடுத்துக் கதவை மாட்டிச் சாத்தியபோது ஒரே ‘டப்’.

டிங்கர் ஒரு முழம் கம்பியை வெட்டி நீட்டினார். “அறுப்பு முடிஞ்சதும் அடி ஓட்டையில இதை விட்டு ஆட்டிடுங்க தம்பி.”

அவர் அதைச் சுருட்டி, வண்டிச் சாவியோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.