தெரியாது என்று நான் சொல்லவில்லை

2021 செப்டம்பரில் ஒரு காலை. கோர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் கழுத்தில் வக்கீல் பட்டை கட்டிக்கொண்டிருந்தேன். நியூ ஜெர்சியிலிருந்து அக்கா மகள் அழைத்தாள். அங்கே இரவு பதினொன்றரை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு பேசினாள். "சித்தி, இன்னிக்கும் அடிச்சிட்டார். பாப்பா பார்த்துட்டா." வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மேல்கையில் நான்கு விரல் தடம், சிவந்து தடித்து.

குடும்ப நீதிமன்றத்தில் இருபது வருடம் வழக்காடியவள் நான். "படத்தை அழிச்சிடும்மா, அவர் கண்ணுல பட்டா இன்னும் நாலு அடி விழும். லீவுக்கு வர்ற மாதிரி பாப்பாவோட கிளம்பி வந்துடு. ஹேக் ஒப்பந்தத்துல இந்தியா சேரவே இல்ல. இங்க வந்துட்டா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. என் போனிலும் அந்தப் படத்தை அழித்தேன்.

வேறு நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட குழந்தையைத் திருப்பி அனுப்ப வகைசெய்யும் அந்த ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னது சரிதான். வெளிநாட்டு நீதிமன்ற உத்தரவைவிடக் குழந்தையின் நலனே பெரிது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் படித்திருந்தேன். அதே நீதிமன்றம் 2019-இல், தாய் இந்தியாவுக்கு அழைத்து வந்த பிள்ளைகளை அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பச் சொன்னதைப் படித்திருக்கவில்லை. அமெரிக்கச் சட்டமோ எனக்கு அறவே தெரியாது. தெரியாது என்று அக்கா மகளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் தவறு அதுதான்.

அவள் கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருந்தாள். போலீஸுக்குப் போனால் விசா போய்விடும் என்று கணவர் மிரட்டியிருந்தார். நானும் அதை நம்பினேன். உண்மையில், அடிக்கும் கணவருக்கு எதிராக அங்கே தடை உத்தரவு கேட்க விசா ஒரு தடையே இல்லை, கட்டணமும் கிடையாது. நடுராத்திரியிலும் போலீஸ் மூலம் கேட்கலாம். அந்த உத்தரவிலேயே குழந்தையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கவும் வழி உண்டு. அடிபட்ட எச்-4 மனைவி தன் பெயரிலேயே வேலை அனுமதி கேட்கலாம். இதையெல்லாம் பிறகுதான், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன்.

அவள் வந்து ஆறு வாரத்தில் அங்கே ஒருதலைப்பட்சமாக உத்தரவு வாங்கிவிட்டார் கணவர். இங்கே ஆட்கொணர்வு மனு. பிள்ளையைத் தூக்கி வந்தது அமெரிக்க மத்தியச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அடிக்குப் பயந்து ஓடிவந்ததாகக் காட்டினால் தப்பலாம், ஆனால் காட்ட வேண்டுமே. "புகார் உண்டா? போட்டோ உண்டா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். நான் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவள் தலைகுனிந்தாள். அழிக்கச் சொன்னது யார் என்று அவள் வாயே திறக்கவில்லை.

வழக்கு இன்னும் முடியவில்லை. உறவுக்காரர் யார் வீட்டுக்கு வந்தாலும் "சித்திதான் என்னைக் காப்பாத்தினாங்க" என்கிறாள். நான் காபி கலக்க உள்ளே போய்விடுகிறேன். இங்கே எழுதியதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.