சந்தை வாயிலில் மூன்று சக்கரங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே கிழக்கு நோக்கிச் சுமார் பத்து மைல் சென்றால் சாவகச்சேரிச் சந்தையை அடையலாம். பலாவுக்கும் மாவுக்கும் பேர்போன தென்மராட்சியின் தோட்டச் செல்வம் இங்கே வந்து குவிகின்றது. 2000ஆம் ஆண்டுப் போரில் இடிபாடாகிப் பின் மீண்டெழுந்த பட்டினம் இது. சந்தை வாயிலிலே ஓட்டோக்கள் அணிவகுத்து நிற்கின்றன. நான்கு பலாப்பழங்களுக்காக லொறி பிடிக்க எந்தத் தோட்டக்காரரால் இயலும்? அவருக்கு உதவுவது இச்சிறு வண்டியே.

இவ்வண்டிகள் இந்தியாவிலிருந்து வருபவை. இவற்றின் முன்னோடி இத்தாலியில் பிறந்தது. ஆயினும், சிறு வியாபாரியின் சுமையை மூன்று சக்கரங்களில் ஏற்றும் வித்தையில் வேறொரு நாட்டாரும் பெயர் பெற்றிருந்தனர். அவர்கள் ஜேர்மானியர்.

ஹம்பேர்க் நகரில் 1924இல் தொடங்கிய விடால் நிறுவனம், 1928 முதல் ‘டெம்போ’ என்னும் பெயரில் முச்சக்கர வண்டிகளைச் செய்து விற்றது. மிகச் சிறிய எஞ்சின் பூண்ட இத்தகைய வண்டிகளுக்கு அந்நாட்டுச் சட்டம் வரியையும் சாரதிப் பத்திரத்தையும் விலக்கியிருந்தது. ஆகவே ரொட்டி சுடுவோரும் காய்கறி விற்போரும் அவற்றை விரும்பி வாங்கினர். 1949இல் வந்த ‘ஹான்சியாட்’ வண்டியில் எஞ்சின் முன்சக்கரத்தின் மேலேயே அமைந்திருந்தது. அதன் விசையைச் சங்கிலியொன்று அச்சக்கரத்துக்குக் கடத்தியது. பின்புறம் முழுவதும் சுமைக்கே உரியதாயிற்று.

போரின் பின் ஜேர்மானியர் கைகளிற் பணம் பெருகியது. நான்கு சக்கரங்களை நாடினர். ஹான்சியாட் அங்கே 1956இல் நின்றது. சில ஆண்டுகளில் விடால் நிறுவனமும் ஹனோமாக் என்னும் பெரிய நிறுவனத்தினுள் கரைந்தது.

ஆனால் வண்டி மடியவில்லை. 1958இல் பஜாஜ் டெம்போ நிறுவனம் அதனை இந்தியாவிற் செய்யத் தொடங்கிற்று. அந்நிறுவனம் 2005இல் போர்ஸ் மோட்டார்ஸ் எனப் பெயர் மாறிய பின்னரும், தமிழகத்துச் சந்தைகளில் ‘டெம்போ’ என்பது சிறு சுமை வண்டிகளுக்கே பொதுப் பெயராய் வழங்குகின்றது.

ஒரு நாடு கழித்த வண்டியை இன்னொரு நாடு ஏன் தழுவியது? தேவையே காரணம். அத்தேவை எத்தகையது என்பதை 2022இல் நாமும் கண்டோம். எரிபொருள் பஞ்சத்தின்போது முச்சக்கர வண்டிக்கு வாரம் ஐந்து லீற்றர் பெற்றோலே முதலில் அளந்து கொடுக்கப்பட்டது. ஆனால் மரத்திற் பழுத்த பலா, பங்கீட்டு நாளை எண்ணிக் காத்திருப்பதில்லை. சந்தைக்கு உரிய வேளையிற் சேரும் பழமே தோட்டக்காரர் வீட்டில் உலை ஏற்றும். அதைச் சேர்க்கும் சிறு வண்டியை அற்பமென எண்ணுதல் தகாது.