அரிட்டாபட்டியும் எங்க ஊர் மேட்டுக்காடும்

சங்கம் சேர்ந்து அரசாங்கத்திடம் மல்லுக்கு நிற்பது எங்க சிவகாசி பக்கத்துக்குப் புதுசு இல்லை. 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் பேரியம் உப்புக்குத் தடை போட்டு, பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்று சொன்னது. நவம்பரில் ஆலைகளைப் பூட்டினார்கள். டிசம்பரில் விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் முன்னால் கூடிய கூட்டத்தில் எங்க அம்மாவும் இருந்தார். முதலாளி, தொழிலாளி, வியாபாரி எல்லாரும் ஒரே பக்கம்! (சாதாரண நாளில் இவங்க ஒரே டீக்கடையில் நின்றாலே அதிசயம்.)

அதே மாவட்டத்தில்தான் வெம்பக்கோட்டை பக்கம் விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரையில், மேட்டுக்காடு இருக்கிறது. 2022-ல் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது. சங்கு வளையல்கள் கிடைத்தன. பாதி அறுத்த சங்குகளும் கிடைத்ததால் அது ஒரு தொழில்கூடமாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "பீஸ் ரேட்டா, நாள் கூலியா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்!

ஆனால் மேட்டுக்காட்டுக்காக யாரும் கலெக்டர் ஆபீஸ் போய் நான் பார்த்ததில்லை. ஏன்? இதை யோசிக்கும்போதெல்லாம் மதுரை மேலூர் பக்கத்து அரிட்டாபட்டிதான் ஞாபகம் வரும்.

அங்கே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில் எல்லாம் உண்டு. 2022 நவம்பரில் தமிழக அரசு 193 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்திலேயே முதல் தலம். அறிவிச்சாச்சு, இனி பயமில்லை என்று நினைப்போம் இல்லையா? சரியாக இரண்டே வருஷம். 2024 நவம்பரில் அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் எடுக்க, மத்திய அரசின் ஏலத்தில் ஹிந்துஸ்தான் சிங்க் தேர்வானது.

கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். விவசாயிகள் வந்தார்கள், வணிகர்கள் கடையடைத்தார்கள், தொல்லியல் ஆர்வலர்கள், பறவை பார்க்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்தார்கள். டிசம்பரில் சட்டசபையும் தீர்மானம் போட்டது. பாரம்பரியத் தலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தைப் பார்க்கலாமா என்று மத்திய அரசு யோசித்தது. எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான். கல்வெட்டு மட்டும் பிழைத்தால் போதும் என்று ஆர்வலர்கள் ஒதுங்கியிருக்கலாம். கூட்டணி அங்கேயே உடைந்திருக்கும். உடையவில்லை, முழுசா ரத்து பண்ணு என்றே நின்றார்கள். 2025 ஜனவரி 7-ம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். ஜனவரி 23-ல் ஏலம் ரத்து.

கல்வெட்டுக்காக மட்டும் அவ்வளவு பேர் நடந்திருப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை. கண்மாய்த் தண்ணீரும் கழனியும் அதே மலையை நம்பி இருந்தன. பாரம்பரியமும் பிழைப்பும் ஒரே மனுவில் இருந்தன.

சட்டத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2024 மார்ச்சில். இடையில் ஒரு பிள்ளை பிறந்து ஆறாம் கிளாஸ் போயிருக்கும்.

மேட்டுக்காட்டைச் சுற்றி இருப்பவர்கள் கரிசல்காட்டு விவசாயிகளும் பட்டாசு ஆலைக்கு வேன் ஏறுகிறவர்களும்தான். அவர்கள் இல்லாமல், சிவகாசியிலிருந்து நாலு காலேஜ் பசங்க போய் மனு கொடுத்தால் ரசீது கிடைக்கும், அவ்வளவுதான்.