சுவருக்கும் மூச்சு உண்டு

பழைய கோவாவுக்குத் திருப்பயணம் போய் வந்தவர்கள் வழக்கமாக இரண்டு செய்திகளைச் சொல்வார்கள். புனித சவேரியாரின் திருவுடல் உள்ள பேழையைக் கண்டோம் என்பது ஒன்று; கோயில்களின் பெருமையைக் கண்டு மலைத்தோம் என்பது மற்றொன்று. நானும் அவற்றையே எழுத எண்ணியிருந்தேன். ஆனால், அங்கே நான் மொழிபெயர்க்காமல் விழுங்கிய சில வாக்கியங்கள் இன்னும் தொண்டையில் நிற்கின்றன. அவற்றை மறைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் எழுதுவது வாசகர்களை ஏமாற்றுவதாகும்.

சவேரியாரின் திருவுடல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட அண்மைத் திருக்காட்சி 2025 சனவரி 5ஆம் நாள் நிறைவுற்றது. கூட்டத்துக்கு அஞ்சி அப்போது போகாதிருந்த எம் பங்கு மக்கள் நாற்பது பேரோடு, அவ்வாண்டு ஆடி மாதத்தில் ஒரு பேருந்து அமர்த்திக்கொண்டு புறப்பட்டேன். ஆடி மழையில் கோவாவுக்குப் போகும் அறிவாளிகள் நாங்களாகத்தான் இருக்க வேண்டும்! வழிகாட்டியாக வந்தவர் வரலாறு படித்த ஓர் இளம்பெண். அவர் ஆங்கிலத்தில் விளக்க, நான் தமிழில் சொல்வதென்று ஏற்பாடு. குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்தவன் என்ற நினைப்பில், அவர் சொன்னதற்கு மேல் இரண்டு வாக்கியம் சேர்த்தே சொல்லி வந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் புனித கத்தரீனாள் பெயரால் விளங்கும் தலைமைக் கோயில். 1562இல் தொடங்கிய கட்டட வேலை 1619இல் முடிந்தது. முகப்பில் இருந்த இரு கோபுரங்களுள் ஒன்று 1776இல் விழுந்துவிட்டது, பிறகு எழுப்பப்படவில்லை. ஒரு தோள் சாய்ந்த முதியவர் வெள்ளை வேட்டி உடுத்து நிற்பதுபோல, வெண்சுதை பூசி நிற்கிறது அக்கோயில்.

சாலையைக் கடந்தால் குழந்தை இயேசுவுக்கு நேர்ந்தளிக்கப்பட்ட போம் ஜேசுஸ் பேராலயம். 1594இல் அடிக்கல் இட்டு, 1605இல் அபிஷேகம் செய்யப்பட்டது. பொன் வேய்ந்த பீடத்தின் நடுவே புனித இஞ்ஞாசியார் பெரிய உருவாய் நிற்க, அவருடைய காலடியில் சிறியவராய்க் குழந்தை இயேசு இருக்கின்றார். வீட்டுக்காரரைவிட விருந்தாளி பெரியவராய் நிற்கின்றாரே என்று எனக்குத் தோன்றியது; வழிகாட்டியிடம் அதைச் சொல்லவில்லை.

சவேரியாரின் கல்லறைப் பீடம் தொஸ்கானா நாட்டுப் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோவின் கொடை. புளோரன்ஸ் நகரச் சிற்பி போஜினி பத்து ஆண்டுகள் உழைத்துச் செய்தது. 1698இல் இங்கே நிறுவப்பட்டது. அதன் உச்சியில் உள்ள வெள்ளிப் பேழையோ அதற்கும் மூத்தது. கோவாவின் தட்டார்கள் 1637இல் செய்து முடித்தது. பளிங்கை வாய் பிளந்து பார்ப்பவர்கள் அந்த வெள்ளி வேலையையும் சற்று நின்று பார்க்கவேண்டும்.

எங்களோடு வந்த மூதாட்டி ஒருவர் முத்துக்குளித்துறையில் பிறந்தவர். 1542இல் கோவாவில் வந்திறங்கிய சவேரியார் அதே ஆண்டில் அவருடைய முன்னோரிடம் சென்று, தமிழில் செபம் கற்பித்தவர் அல்லவா? “எங்க சனத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்த கை இதுக்குள்ளதானே சாமி இருக்கு?” என்று கண்ணீரோடு கேட்டார். அந்த வலக்கை 1614இல் பிரிக்கப்பட்டு உரோமைக்குப் போய்விட்டது என்பதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “கும்பிடுங்கள் அம்மா” என்றேன்.

வெளியே வந்தோம். மழை சற்றே ஓய்ந்திருந்தது. எதிரே உள்ள கோயில் வெள்ளையாயிருக்க, இது மட்டும் ஏன் செங்கல்லைப்போல் சிவந்து நிற்கிறது என்று ஓர் இளைஞன் கேட்டான். வழிகாட்டி சொன்னார்: “இதுவும் வெள்ளையாக இருந்ததுதான். 1950களில் போர்த்துகீசியப் புனரமைப்பு வல்லுநர் ஒருவர், பழமைத் தோற்றம் தெரியவேண்டும் என்று காரையை உரித்துவிட்டார். அவர் இந்தக் கோயிலை நேசித்தவர். ஆனால், செம்புரைக் கல் நீரை உறிஞ்சும் கல். காரை அதற்குத் தோல் போன்றது. தோலை உரித்தபின் ஒவ்வொரு மழையும் அதை அரிக்கிறது. இப்போது மீண்டும் பூசலாம் என்றால், சிவப்பே அழகு என்று பழகிவிட்டவர்கள் ஒப்புவதில்லை.”

நாற்பது பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாய் திறக்கவில்லை.

இருபது ஆண்டுகளுக்கு முன், கடலோரச் சிற்றூர் ஒன்றில் பங்குக் குருவாயிருந்தேன். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய கோயில். பீடத்தின் பின்சுவரில் நீல வானமும் ஆறு சம்மனசுகளும் தீட்டப்பட்டிருந்தன. தீட்டியவர் பெயர் யாருக்கும் தெரியாது. சுவர்களில் ஆங்காங்கே ஓதம் ஏறியிருந்தது. இளமை வேகத்தில், உள்ளும் புறமும் சுண்ணாம்புக் காரையைக் கொத்திவிட்டுச் சிமெண்டு பூசச் செய்தேன். சம்மனசுகள் உள்ள சுவரை மட்டும் தொடவில்லை. அதை என் கலையுணர்வு என்று எண்ணிக்கொண்டேன்.

“சுவரும் மூச்சு விடணுமே சாமி” என்றார் உபதேசியார். நான் சிரித்தேன்.

செங்கல்லுக்குள் ஏறிய உப்பு நீர் சுண்ணாம்பின் வழியே மெல்ல ஆவியாகி வெளியேறும். சிமெண்டு அதற்கு வழி விடாது. அடைபட்ட ஈரம் எங்கே போகும்? மூச்சு விடக்கூடிய ஒரே சுவரைத் தேடி வந்தது. மூன்றாம் ஆண்டில் உப்புப் பூத்து, சம்மனசுகள் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். உதிர்ந்த நீலப் பொடியை உபதேசியார் ஒரு காகிதத்தில் மடித்து, ஒன்றும் பேசாமல் என் மேசைமேல் வைத்தார். மறு ஆண்டு எனக்கு மாற்றல் வந்தது. அவர் இப்போது இல்லை.

“அந்தப் பிள்ளை என்ன சொல்லிச்சு சாமி?” என்று கேட்டார் எங்கள் ஊர்க் கொத்தனார். எழுபது வயதைக் கடந்தவர். அதற்குள் சுவரருகே சென்று கல்லைத் தடவிக்கொண்டிருந்தார். விரல் நுனி சிவந்திருந்தது. அப்போது முழுவதையும் சொன்னேன். சம்மனசுகளின் கதையையும் சொன்னேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நம்ம கோயிலுக்கும் சிமெண்டுதானே சாமி பேசியிருக்கீங்க?” என்றார்.

உண்மைதான். திருவிழாவுக்குமுன் எம் பழைய கோயிலைச் சிமெண்டு பூசிப் புதுப்பிப்பதாக ஒப்பந்தம் பேசி, முன்பணமும் கொடுத்தாயிற்று. உள்ளே சித்திரம் ஒன்றுமில்லை என்ற தைரியத்தில், கடலோரக் கோயிலை நினைத்துப் பாராமலேயே கையெழுத்திட்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் பங்குப் பேரவையைக் கூட்டினேன். சுண்ணாம்பு வேலைக்கு நாளும் கூலியும் மிகுதி, திருவிழாவுக்குள் முடியாது, முன்பணத்தில் பாதிதான் திரும்ப வரும். மூன்று மணி நேரம் வாதம் நடந்தது. இறுதியில் பெரும்பாலோர் இசைந்தார்கள்.

கோயிலின் வடமூலையில் தொட்டி கட்டிச் சுண்ணாம்பு ஊறப் போட்டிருக்கிறோம். கடுக்காயும் வெல்லமும் கொத்தனாரின் பொறுப்பு. இரண்டு இளைஞர்களுக்கு வேலையும் கற்றுக் கொடுக்கிறார். பேரவை உறுப்பினர் இருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.