நம்மவர் எடுத்த பத்து விக்கெட்

நாம் வாழ்நாளில் ஒரு நாளும் கிரிக்கெட் மட்டையைக் கையால் தொட்டவரல்லர். ஆயினும் இந்தியக் கோஷ்டியில் யாரைச் சேர்க்கலாம், யாரைத் தள்ளலாம் என்று தீர்ப்புக் கூறுவதில் நமக்கு முப்பது வருஷத்து அனுபவமுண்டு. கிள்ளானில் உள்ள ஓர் ஒட்டுக்கடையே நமது நியாயஸ்தலம். தோட்டத்தில் பால்வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர், லாரி ஓட்டும் தோழர் இருவர், துறைமுகத்தில் கணக்கெழுதும் நாம் ஆகியோரே நியாயாதிபதிகள். கடைக்காரரின் மகள், பள்ளிக்கூடத்துப் பெண், பழைய கணக்குப் புத்தகமொன்றின் பின்பக்கங்களில் ஓட்டக் கணக்கை எழுதி வருபவள். எழுதிக்கொண்டே நமது தீர்ப்புகளையும் கேட்டு வந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

2024-ம் வருஷம் அக்டோபர் 24-ந் தேதி புனேயில் நியூசிலாந்துக் கோஷ்டியுடன் இரண்டாவது டெஸ்ட் பந்தயம் தொடங்கிற்று. நியூசிலாந்தின் முதல் மூன்று விக்கெட்டுகளை அஷ்வின் வீழ்த்தினார். எஞ்சிய ஏழையும் வாஷிங்டன் சுந்தர் 59 ஓட்டங்கள் கொடுத்து வீழ்த்தினார். பத்து விக்கெட்டும் சென்னைக்காரர் இருவர் கையில்! அன்று மாலை கடையில் உண்டான ஆரவாரத்தை என்னென்பது! தீபாவளிக்கு ஒரு வாரமே இருந்தபடியால் எண்ணெய்ச் சட்டியிலிருந்து இறங்கிய முறுக்கு முழுவதையும் நாமே விலைக்கு வாங்கிப் பந்தி வைத்தோம். தமிழன் விரலுக்கென்று தனியான ஒரு சுழற்சி உண்டென்பதாக ஒரு சிறு பிரசங்கமும் செய்தோம். யாரும் மறுக்கவில்லை. வாயில் முறுக்கு இருந்தது காரணமாக இருக்கலாம்.

மறுநாள் இந்தியா 156 ஓட்டங்களில் சுருண்டது. இடது கைச் சுழற்பந்துக்காரரான மிட்செல் சான்ட்னர் 53 ஓட்டங்கள் கொடுத்து ஏழு பேரை அனுப்பிவைத்தார். மறு இன்னிங்ஸில் இன்னும் ஆறு பேர். மூன்றாம் நாளே பந்தயம் முடிந்து, 113 ஓட்டங்களில் இந்தியா தோற்றது. 2012-ம் வருஷத்து இங்கிலாந்துத் தொடருக்குப் பின் சொந்த மண்ணில் தொடர்ச்சியாகப் பதினெட்டுத் தொடர்களை ஜெயித்த கோஷ்டி, முதன்முதலாகத் தொடரை இழந்த நாள் அது. கடைசி விக்கெட் விழுந்ததும் நாம் பெரியவரைப் பார்த்து, "போகட்டும் ஐயா, நம் பையன் ஆட்டத்தில் பதினொன்று எடுத்தானல்லவா?" என்றோம்.

அந்தப் பெண் பென்சிலைக் கீழே வைத்தாள். "மாமா, நீங்கள் எந்தக் கோஷ்டிக்கு ஆதரவு?" என்று கேட்டாள்.

பரிகாசமாகக் கேட்டிருந்தால் சிரித்துத் தப்பியிருப்போம். அவளோ தெரிந்துகொள்ள வேண்டியே கேட்டாள்.

வீடு போகும் வழியெல்லாம் நமது பழைய தீர்ப்புகளை நினைத்துப் பார்த்தோம். வடக்கத்தி ஆட்டக்காரர் ஒருவர் தூக்கியடித்து அவுட்டானால் அதற்குத் திமிர் என்று பெயரிட்டோம். நம்மவர் அதே அடியில் அவுட்டானால் துரதிர்ஷ்டம் என்றோம். பிறந்த இடத்தைக் கேட்டு வேலை கொடுக்கும் முதலாளியை நாம் எவ்வளவோ ஏசியிருக்கிறோம். ஆனால் தேநீர்க் குவளையைக் கையிலேந்தி நாமும் அதே தராசைத்தான் பிடித்திருந்தோம்.

புனே நகரத்திற்கு இவ்விஷயத்தில் ஒரு பழைய கதையுண்டு. தாழ்த்தப்பட்ட வகுப்பிற் பிறந்த பல்வங்கர் பாலு அங்கே வெள்ளையர் கிளப்பில் மைதான வேலை பார்த்தவர். சான்ட்னரைப் போலவே இடது கைச் சுழற்பந்துக்காரர். அவர் பந்து வீச்சு இந்துக் கோஷ்டிக்கு வேண்டியிருந்தது. அவரோடு ஒரே பந்தியில் உட்காருவதுதான் வேண்டாதிருந்தது. இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில் தேநீர். 1911-ம் வருஷம் இங்கிலாந்து சென்ற கோஷ்டியில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்த அம்மனிதருக்கு இந்துக் கோஷ்டியின் தலைமைப் பதவி கடைசிவரை கிடைக்கவேயில்லை. 1923-ல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது. நாம் யாருக்கும் மண்குவளை நீட்டியதில்லை, வாஸ்தவம். ஆனால் ஆளை எடைபோடுமுன் ஊரை விசாரித்தோம்.

அந்த நியூசிலாந்துத் தொடரிலேயே நமக்குப் பாடம் இருந்தது. பெங்களூரில் இந்தியாவை 46 ஓட்டங்களுக்குச் சுருட்டிய பின் 134 ஓட்டங்கள் அடித்த ரசின் ரவீந்திரா, பெங்களூரைப் பூர்விகமாகக் கொண்ட பெற்றோருக்கு வெல்லிங்டனில் பிறந்தவர். பம்பாயில் நடந்த மூன்றாம் பந்தயத்தில் பதினொரு விக்கெட் வீழ்த்தி இந்தியாவை 25 ஓட்டங்களில் தோற்கடித்த அஜாஸ் படேல், அந்தப் பம்பாயிலேயே பிறந்தவர்! இதைச் சொன்னபோது பெரியவர் ஒரு செய்தி சொன்னார். 1932-ல் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடியபோது, அமர்சிங்குடன் சேர்ந்து எட்டாவது விக்கெட்டுக்கு நாற்பது நிமிஷத்தில் 74 ஓட்டங்கள் குவித்த லால்சிங், நமது கோலாலம்பூரில் பிறந்தவராம். முப்பது வருஷமாக நியாயஸ்தலம் நடத்திய நமக்கு இது தெரியாது. லால்சிங் தமிழராக இருந்திருந்தால் நிச்சயம் தெரிந்திருக்கும்.

இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புனேயில் முகம்மது சிராஜை விலக்கியபோது அது நியாயமே என்று உரக்கச் சொன்னவர்களில் நாமும் ஒருவர். 2025-ல் இங்கிலாந்துக்குப் போன இளங் கோஷ்டியைப்பற்றி, பும்ரா இல்லாத ஆட்டங்களில் கதி அதோகதிதான் என்றும் சொல்லி வைத்தோம். நடந்தது என்ன? பும்ரா ஆடாத இரண்டு ஆட்டங்களிலும் இந்தியா ஜெயித்தது. ஹைதராபாத்தில் ஆட்டோ ஓட்டியவரின் மகனான அந்தச் சிராஜ் ஐந்து பந்தயங்களிலும் ஓய்வின்றி வீசி 23 விக்கெட் எடுத்தார். ஓவலில் ஹாரி புரூக் கொடுத்த காட்சைப் பிடித்தும் எல்லைக் கயிற்றில் கால் வைத்துவிட்ட மனிதர், மறுநாள் காலை திரும்பி வந்து வீசி ஆறே ஓட்டத்தில் ஜெயித்துக் கொடுத்தார். அதற்கு நாம் முறுக்கு வாங்கவில்லை.

சொந்த மண்ணில் சுழற்பந்தை ஆடத் தெரியாத குறை மட்டும் இக்கோஷ்டியை விடவில்லை. 2025 நவம்பரில் தென்னாப்பிரிக்காவுடன் கல்கத்தாவில் 124 ஓட்டங்கள் எடுக்க வேண்டியதற்கு 93-ல் முடிந்தது. கௌஹாத்தியில் 408 ஓட்டங்களில் தோல்வி. பந்து திரும்பும் மண்ணைப் போட்டு எதிரியைப் பிடிக்கலாமென்றால், எதிரியிடமும் சுழற்பந்துக்காரர் இருக்கிறாரே! உள்நாட்டுப் பந்தயங்களில் நாள் முழுதும் நின்று ஆடிப் பழகியவரைத் தேடியெடுத்து, இரண்டு வருஷமாவது பொறுத்து வைத்திருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். மூன்றாவது இடத்தில் ஓர் ஆட்டத்திற்கு ஒருவரை நிறுத்தி அடுத்த ஆட்டத்தில் மாற்றினால் யார்தான் வேரூன்றுவார்?

கௌஹாத்தி முடிந்த மாலை அந்தப் பெண் எல்லோருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். பதினொரு பெயர் எழுத வேண்டும், பக்கத்தில் காரணமும் எழுத வேண்டும், ஊர்ப்பெயர் காரணமாகாது. நாம் மூன்றாவது இடத்திற்குச் சாய் சுதர்சன் என்று எழுதி, "கடைசி இன்னிங்ஸில் 139 பந்துகளை எதிர்கொண்டார், பொறுமைசாலி" என்று காரணம் காட்டினோம். அவள் தன் புத்தகத்தைப் புரட்டி, "எடுத்த ஓட்டம் பதினான்கு" என்று படித்தாள். பிறகு கேட்டாள்:

"இவர் லக்னோவில் பிறந்திருந்தால் இதைப் பொறுமை என்றா எழுதியிருப்பீர்கள், மாமா?"

பெரியவர் தமது தாளை மெதுவாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாம் பென்சிலைக் கேட்டு வாங்கி, பெயரை அப்படியே விட்டு, காரணத்தை மாத்திரம் அழித்தோம். புதிய காரணம் இன்னும் எழுதவில்லை.